வெங்காய மெஷின் யார் பேருல

நீங்க உக்காந்திருக்கிறது யார் சீட்டு தெரியுமா சார்? என் சம்சாரம் சீட்டு. அட, எந்திரிக்காதீங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவளா வந்து "ஜன்னல் சீட்டு தர்றேன், மாறிக்கிறீங்களா"ன்னு கேட்டா, நீங்க மாறிக்கிட்டீங்க. யாரா இருந்தாலும் மாறத்தான் செய்வாங்க. எனக்கென்ன வருத்தம்னா, திண்டுக்கல்ல வண்டி ஏறி பத்து நிமிஷம் ஆகல, கட்டுன புருஷன் பக்கத்துல உக்கார முடியாதுன்னு எந்திரிச்சுப் போயிட்டா. அந்தா, நாலு வரிசை தள்ளி, கத்திரிப்பூ கலர் சேலை. மடியில ஒரு பச்சை ஃபைல் இருக்கு பாருங்க. அந்த ஃபைலுக்குள்ள ரெண்டு தாள். ரெண்டுலயும் அவ கையெழுத்துப் போடணும். மெட்ராஸ் போய்ச் சேர்றதுக்குள்ள போடணும். போடலைன்னா என் மூணு வருஷ உழைப்பு நாளைக்குக் காலையில பதினோரு மணிக்குப் போச்சு. அவ்வளவுதான் விஷயம்.

என் பேரு நல்லுச்சாமி. திண்டுக்கல்ல லேத் பட்டறை வெச்சிருக்கேன். நீங்க ஓட்டல்ல சாம்பார்ல முழு சின்ன வெங்காயம் பார்த்திருப்பீங்க, பளபளன்னு கிடக்கும். அதை உரிக்கிறது இருக்கே, அது பெரிய நரகம். பெரிய வெங்காயம் உரிக்க ஆயிரம் மெஷின் வந்துருச்சு. சின்ன வெங்காயத்தைப் போட்டா ஒண்ணு தோல் வராது, இல்லைன்னா வெங்காயமே நசுங்கிடும். நசுங்காம, தோல் மட்டும் கழண்டு வர்ற மாதிரி ஒரு மெஷின் நான் கண்டுபிடிச்சேன். நல்லு பீலர். ஸ்டிக்கர்ல என் போட்டோவே இருக்கும். இந்தாங்க, விசிட்டிங் கார்டு. இதுலயும் இருக்கு.

சார், பேடண்ட்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? நல்லது. தெரிஞ்சவங்க எல்லாம் நான் சொல்றதைக் கேட்டுட்டுச் சிரிக்கிறாங்க. எனக்கும் தெரியாதுதான். மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒண்ணுதான், ஒரு பொருள் செஞ்சா கவர்மெண்ட்ல ரிஜிஸ்டர் பண்ணணும், பண்ணிட்டா வேற ஒருத்தனும் செய்யக் கூடாது. நிலம் மாதிரி. பத்திரம் பதிஞ்சாச்சுன்னா எவன் வேலி தாண்டி வருவான்?

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர். போய், "தம்பி, இந்த மெஷினை ரிஜிஸ்டர் பண்ணணும்"னேன். அவன் "பேரு என்ன சார்"னான். "நல்லு பீலர்." "லோகோ இருக்கா?" போட்டோவைக் குடுத்தேன். பத்து நாள்ல ஒரு பேப்பர் வந்துச்சு சார், நம்பரோட. பேருக்குப் பக்கத்துல டிஎம்னு போட்டுக்கலாம்னான். நான் அதைப் பெருசா பிரிண்ட் எடுத்து, கண்ணாடி ஃப்ரேம் போட்டு, பட்டறையில சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுனேன். இனி ஒரு பய தொட முடியாதுன்னு எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அது வெறும் பேருக்குத்தான்னு யாரு சார் சொன்னா எனக்கு? நல்லு பீலர்ங்கிற பேரை வேற எவனும் வெக்கக் கூடாது, அவ்வளவுதானாம் டிரேட்மார்க்கு. மெஷினை எவன் வேணாலும் செய்யலாமாம். நீங்களே சொல்லுங்க, எவனாவது என் பேரைத் திருடுவானா? நல்லுச்சாமிங்கிற பேரை வெச்சுக்கிட்டு எவன் என்ன பண்ணப் போறான்? திருடுறவன் மெஷினைத்தானே திருடுவான்?

இது தெரியாம நான் செஞ்ச காரியம் இருக்கே. ஆயுத பூஜை வந்துச்சு. உங்க ஊர்ல எப்படியோ, எங்க பட்டறைத் தெருவுல அன்னைக்கு எந்த ஷட்டரும் மூடியிருக்காது. எல்லா மெஷினையும் கழுவித் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, வாழைக்கன்னு கட்டி, தெருவே வந்து பார்த்துட்டுப் போகும். ஒருத்தன் பட்டறைக்கு ஒருத்தன் போகணும், பொரிகடலை வாங்கிக்கணும். போகலைன்னா வருஷம் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். அன்னைக்கு எதையாவது துணி போட்டு மூடி வெச்சா என்ன அர்த்தம்? மெஷினுக்கே அவமரியாதை இல்லையா?

அதனால நான் நல்லு பீலரைக் கொண்டாந்து நடுவுல வெச்சேன். பெரிய மாலை போட்டேன். மூடியைத் திறந்து உள்ள ரப்பர் பட்டையில எல்லாம் வரிசையா சந்தனப் பொட்டு. வந்தவங்க எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தாங்க. ஒரு வீடியோவும் எடுத்தேன். நானே பேசுனேன். "நண்பர்களே, பாருங்க, உள்ள ரப்பர் பட்டை நேரா இல்ல, முப்பத்தஞ்சு டிகிரி சாய்வா ஒட்டியிருக்கு, அதுதான் நம்ம டெக்னிக்கு, வெங்காயத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் உப்புப் போட்டு பத்து நிமிஷம் ஊற வெச்சிருங்க"ன்னு, எல்லாத்தையும் சொன்னேன். சொல்லி, ஃபேஸ்புக்குல போட்டேன், யூடியூப்புல போட்டேன், பட்டறைக்காரங்க வாட்ஸப் குரூப்புல போட்டேன். நாலாயிரம் பேர் பார்த்தாங்க சார். நாலாயிரம் பேர் பார்த்ததுல எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நாலாயிரத்துல ஒருத்தன் ஜெயசீலன். அடுத்த தெருவுல பட்டறை வெச்சிருக்கான். நேர்லயும் வந்தான். என் கையாலதான் பொரி வாங்குனான். "அண்ணே, சூப்பர்ணே"ன்னான். ரெண்டு மாசத்துல அதே மெஷின், அதே டிரம், அதே சாய்வு, பேரு மட்டும் கிளி பீலர். ஒரு பச்சைக்கிளி வெங்காயத்தைக் கொத்துற மாதிரி ஸ்டிக்கர்.

நான் சும்மா விடுவேனா? என் ஃப்ரேமைச் சுவத்துல இருந்து கழட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு நேரா அவன் பட்டறைக்குப் போனேன். "இதைப் படிடா"ன்னேன். படிச்சான். படிச்சுட்டு, "அண்ணே, நான் எங்கண்ணே உங்க பேரைப் போட்டிருக்கேன்? நான் கிளியைல்ல போட்டிருக்கேன்"ங்கிறான். அவன் மச்சினன் மெட்ராஸ்ல ஏதோ கம்பெனியில லீகல்ல இருக்கானாம், எல்லாம் கேட்டு வெச்சுக்கிட்டுத்தான் இறங்கியிருக்கான். தெருவே வேடிக்கை பார்த்துச்சு. ஃப்ரேமைத் தூக்கிக்கிட்டுத் திரும்பி நடந்து வந்தேன் பாருங்க, அந்த ஒரு தெரு தூரம் மாதிரி நான் எங்கயும் நடந்ததில்ல.

இது என்ன ஸ்டேஷன், மணப்பாறையா? முறுக்கு வேணுமா சார்? வாங்கிக்கங்க, நல்லாருக்கும். இந்த முறுக்குக்கே புவிசார் குறியீடு இருக்கு தெரியுமா? எங்க ஊர்ப் பூட்டுக்கும் இருக்கு. நான் அதையும் கேட்டேன். "எங்க ஏரியா வெங்காயம், எங்க ஏரியா மெஷின், அந்தக் குறியீடாவது குடுங்க மேடம்"னேன். அது ஊருக்குக் குடுக்கிறதாம், ஒரு ஆளுக்குக் குடுக்க மாட்டாங்களாம். அப்படியே குடுத்தாலும் ஜெயசீலனும் அதே ஊருதானே, அவனுக்கும் சேர்த்துல்ல வரும். வேண்டவே வேண்டாம்னுட்டேன்.

மேடம்னு சொன்னேன்ல, அது வக்கீலம்மா. ரெஹானான்னு பேரு, மெட்ராஸ்ல இதுக்குன்னே படிச்ச வக்கீல். ஜெயசீலன் பட்டறையில அவமானப்பட்டு வந்த அதே வாரம் அவங்களைப் போய்ப் பார்த்தேன். அவங்க பொறுமையாத்தான் சொன்னாங்க, எனக்குத்தான் கேக்கக் கேக்க எரிச்சல். பேருக்கு டிரேட்மார்க்கு. எழுதுனதுக்கு, வரைஞ்சதுக்குக் காப்பிரைட்டு. உருவத்துக்கு டிசைன். வேலை செய்யிற விதத்துக்குத்தான் பேடண்ட்டு. ஏன் சார், மெஷின் ஒண்ணுதானே? நான் என்ன நாலு மெஷினா செஞ்சேன்? கவுண்டருக்குக் கவுண்டர் போய் நிக்கிறதுக்கு ஒரு பட்டறைக்காரனுக்கு நேரம் எங்க இருக்கு?

"அப்ப அந்த உப்புத்தண்ணி ரகசியம்? அதுக்கு ஒண்ணும் இல்லையா?"ன்னேன். "ரகசியத்துக்கும் பாதுகாப்பு உண்டு நல்லுச்சாமி சார். ஆனா அது ரகசியமா இருக்கணும்"னாங்க. நான் உடனே பையில இருந்து ஜெயசீலனோட விளம்பர நோட்டீஸை எடுத்து நீட்டுனேன்.

காப்பிரைட்டுல மட்டும் ஒரு சின்ன வெற்றி. ஜெயசீலன் மடையன், என் விளம்பர நோட்டீஸை அப்படியே அச்சடிச்சிருந்தான். என் வாசகம், நான் வரைஞ்ச படம், நான் விட்ட எழுத்துப்பிழை உள்பட. வக்கீலம்மா ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டாங்க. உடனே நிறுத்திட்டான். நிறுத்திட்டு வேற நோட்டீஸ் அடிச்சான், என்னோடதைவிட நல்லா இருக்கு. டிசைனும் கேட்டேன். ஊருக்குக் காட்டாத உருவத்துக்குத்தான் அது கிடைக்கும்னாங்க, அதை அப்படியே விட்டுட்டேன்.

கடைசியில பேடண்ட்டு. அந்தம்மா என்கிட்ட ரெண்டு கேள்விதான் கேட்டாங்க. முதல் கேள்வி, "இதை எங்கயாவது வெளியிட்டிருக்கீங்களா? பத்திரிகை, கண்காட்சி, விற்பனை?" நான் நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன் சார், இல்லைன்னு. அப்ப ஒரு மெஷின்கூட விக்கல. பேப்பர்ல வரல. கண்காட்சிக்குப் போகல. ஆயுத பூஜை கண்காட்சியா சார்? அது பூஜை! சாமி கும்பிட்டதை எல்லாமா வக்கீல்கிட்ட சொல்லிக்கிட்டு இருப்பாங்க? வாட்ஸப்புல போட்டதை வெளியிட்டதுன்னு யாராவது சொல்வாங்களா? குட் மார்னிங்கும் அதுலதானே போடுறோம்.

ரெண்டாவது கேள்வி, "உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர் யாரு?" ஃபாரத்துல அப்படி ஒரு கட்டம் இருக்கு. எம். நல்லுச்சாமின்னு எழுதுனேன். அதுல யோசிக்க என்ன இருக்கு?

ஃபாரம் போட்டாச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. இப்பத்தான் ஜெயசீலன் எதிர்மனு போட்டான். இந்த மெஷின் புதுசு இல்ல, மனுப் போடுறதுக்கு முன்னாடியே ஊருக்கே தெரிஞ்ச விஷயம், பேடண்ட் குடுக்காதீங்கன்னு. அத்தாட்சி என்ன தெரியுமா? என் வீடியோ. நான் மாலை போட்டு, சந்தனம் வெச்சு, முப்பத்தஞ்சு டிகிரின்னு விரலை வெச்சுக் காட்டுன வீடியோ. தேதியோட. நாலாயிரம் பேர் பார்த்ததோட. என் வாயாலயே என் கழுத்தை அறுத்துக்கிட்டேன். வக்கீலம்மா போன்ல "வீடியோவைப் பார்த்தேன்"னாங்க. அப்புறம், "வெளியிட்டீங்களான்னு கேட்டேன்ல சார்"னாங்க. அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

மூணு நாள் கழிச்சு அவங்களே போன் பண்ணாங்க. "நல்லுச்சாமி சார், அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பின்னாடி ஒரு லேடீஸ் குரல் கேக்குது. 'வேண்டாம்னு சொன்னேன்ல, ரப்பரைக் காட்டாதீங்க, மூடுங்க'ன்னு. அது யாரு?"

"அது என் சம்சாரம் மேடம், இந்திராணி. அவ எப்பவும் எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பா, நீங்க அதை எடுத்துக்காதீங்க"ன்னேன்.

"ஏன் காட்ட வேண்டாம்னாங்க?"

"பொம்பளைங்களுக்கு எல்லாத்துக்கும் பயம் மேடம். திருடிருவாங்கன்னு."

"அவங்களுக்கும் அந்த ரப்பருக்கும் என்ன சம்பந்தம்?"

பாருங்க சார், வக்கீல் புத்தி எங்க போகுதுன்னு. நான் உள்ளதைச் சொன்னேன். உங்ககிட்டயும் சொல்றேன், இதுல மறைக்க என்ன இருக்கு. இந்திராணி முன்னாடி ரெண்டு மெஸ்ஸுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தா. விரல் எல்லாம் வெந்து போகும். ஒரு நாள் பழைய கிரைண்டர்ல கல்லை எடுத்துட்டு, உள்ள சைக்கிள் டியூபை நறுக்கி ஒட்டி, வெங்காயத்தைப் போட்டுச் சுத்த விட்டுப் பார்த்திருக்கா. சும்மா ஒரு விளையாட்டு. வெங்காயம் எல்லாம் நசுங்கிப் போச்சு. அவ விடல. டியூபை நெடுக்க ஒட்டுனா, குறுக்க ஒட்டுனா, அப்புறம் சாய்வா. எங்க பொண்ணு பாப்பாவோட ஜாமெட்ரி பாக்ஸ்ல கோணமானி இருக்குமே, அதை வெச்சுக்கிட்டு இருபது, இருபத்தஞ்சு, முப்பதுன்னு மாத்தி மாத்தி ஒட்டுவா. பாப்பாவோட பழைய நோட்டுல தேதி போட்டு எழுதி வெப்பா, எத்தனை வெங்காயம் நசுங்குச்சு, எத்தனை தோல் வந்துச்சுன்னு. எட்டு மாசம் இதே கூத்து. எங்க வீட்ல எட்டு மாசம் வெங்காயச் சாம்பார், வெங்காயச் சட்னி, வெங்காயக் குழம்பு. முப்பத்தஞ்சுல சரியா வந்துச்சுன்னு ஒரு நாள் பட்டறைக்கே ஓடி வந்தா, செருப்புக்கூடப் போடாம. உப்பு, வெதுவெதுப்பான தண்ணி, அதெல்லாமும் அவதான் என்னவோ பண்ணிப் பார்த்துச் சொன்னா.

ஆனா அது மெஷினா சார்? கிரைண்டர்ல டியூபை ஒட்டுனா மெஷின் ஆயிடுமா? அதுக்கு எஸ்எஸ் டிரம் போட்டது யாரு? அரை எச்பி மோட்டார் மாட்டுனது யாரு? ஸ்டாண்டு, பெல்ட்டு, சுவிட்ச்சு? ஸ்டிக்கர் அடிச்சது யாரு? நான்தானே?

இதைத்தான் வக்கீலம்மாகிட்டயும் கேட்டேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "மோட்டார் புதுசு இல்ல சார். டிரம் புதுசு இல்ல. ஸ்டாண்டு புதுசு இல்ல. உங்க மனுவுல புதுசுன்னு நாம சொல்லியிருக்கிறது அந்தச் சாய்வு ஒண்ணுதான்." சொல்லிட்டு, "அவங்க நம்பர் குடுங்க"ன்னாங்க. குடுத்தேன். முக்கால் மணி நேரம் பேசியிருக்காங்க. என்ன பேசுனாங்கன்னு இவ இன்னைக்கு வரைக்கும் சொல்லல. மறுநாள் வீடு பூரா தேடி அந்தப் பழைய நோட்டை எடுத்து, ஒவ்வொரு பக்கமா போட்டோ புடிச்சு அனுப்பிக்கிட்டு இருந்தா.

அப்புறம் வக்கீலம்மா எனக்கு ஒரு வழி சொன்னாங்க. சட்டத்துல ஒரு இடம் இருக்காம். உண்மையா கண்டுபிடிச்சவர்கிட்ட இருந்து விஷயத்தை எடுத்து, அவர் சம்மதம் இல்லாம வேற ஒருத்தர் வெளியிட்டிருந்தா, அந்த வெளியீட்டைக் கணக்குல எடுக்காம விடச் சொல்லிக் கேக்கலாமாம். அதாவது, கண்டுபிடிச்சது இந்திராணி. அவ வேண்டாம்னு சொல்லியும் கேக்காம வெளியிட்டது நான். அப்படி ஒரு வாக்குமூலம் அவ குடுக்கணும். ஃபாரத்துல கண்டுபிடிப்பாளர் பேரை மாத்தக் கேக்கணும். அப்புறம் ரெண்டாவது தாள்ல, இந்த உரிமையை என் கணவருக்கு எழுதிக் குடுத்துட்டேன்னு அவ கையெழுத்துப் போட்டா மனு என் பேருலயே நிக்கும். "இவ்வளவு லேட்டா ஏத்துக்குவாங்களான்னு நிச்சயமா சொல்ல முடியாது, ஆனா வேற வழி இல்ல"ன்னாங்க. நாளைக்கு விசாரணை வீடியோவுலதான். நாங்க அவங்க ஆபீஸ்ல உக்காந்துக்கணும். அதுக்குள்ள ரெண்டு தாளும் ரெடியா இருக்கணும்.

கெட்டிக்காரம்மா சார். எப்படி ஒரு கதை கட்டியிருக்காங்க பாருங்க! நானே வில்லன், என் சம்சாரம் விஞ்ஞானி. எனக்கு முதல்ல ஒப்பவே இல்ல. நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆளு. ஆனா ஜெயசீலன் ஜெயிக்கிறதைப் பார்க்கிறதுக்குப் பதிலா ஒரு பொய் சொல்லிட்டுப் போயிடலாம்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

காலையில வண்டி ஏறுனதும் ஃபைலை இவகிட்டக் குடுத்தேன். நல்லாத்தான் பேசுனேன். "இந்திராணி, ரெண்டு கையெழுத்து. படிக்க எல்லாம் வேண்டாம், சும்மா ஃபார்மாலிட்டி. கேஸுக்காக வக்கீலம்மா ஒரு கதை எழுதியிருக்காங்க"ன்னேன். "என்ன கதை"ன்னா. "நீதான் மெஷினைக் கண்டுபிடிச்சேன்னு"ன்னு சொல்லிச் சிரிச்சேன். கூடச் சிரிப்பான்னுதான் சொன்னேன் சார். அவ சிரிக்கல. "கதையா"ன்னு கேட்டா. "பின்ன?"ன்னேன். அப்பத்தான் ஃபைலை எடுத்துக்கிட்டு எந்திரிச்சா. அப்பத்தான் உங்களைப் பார்த்து சீட்டு கேட்டா.

நான் என்ன சார் தப்பாப் பேசிட்டேன்? எனக்கு நெசமாவே புரியல. இருபத்தாறு வருஷமா குடும்பம் நடத்துறோம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டா. மெஷினுக்கு என் பேரு வெச்சப்ப ஏதாவது சொன்னாளா? இல்ல. ஸ்டிக்கர்ல என் போட்டோ வந்தப்ப "மீசை நல்லா வந்திருக்கு"ன்னா, அவ்வளவுதான். பேட்டி எடுக்க உள்ளூர் கேபிள் டிவிக்காரன் வந்தப்ப காபி போட்டுக் கொண்டாந்து வெச்சா. மனசுல ஒண்ணு இருந்தா அப்பவே சொல்லியிருக்கணும்ல? வீடியோ எடுத்த அன்னைக்குச் சொன்னா, சரி. அதை நான் ஒத்துக்கிறேன். முந்தின நாளும் சொன்னா. துணி போட்டு மூடி வைங்கன்னா. அன்னைக்குக் காலையிலயும் சொன்னா. அதெல்லாம் சரிதான். ஆனா என் மெஷினை நான் எங்க காட்டணும்னு அவ எப்படி சார் சொல்லலாம்?

திருச்சியில டீ வாங்கிக்கிட்டுப் போய் நீட்டுனேன், நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. வாங்கிக்கிட்டா. "படிச்சுக்கிட்டு இருக்கேன்"னா. நாலு பக்கம் தாளை எத்தனை தடவை சார் படிப்பாங்க? தமிழ்லயும் எழுதி அனுப்பச் சொல்லி இவளே வக்கீலம்மாகிட்ட கேட்டு வாங்கியிருக்கா. அரியலூர் போயிடுச்சு, விருத்தாசலம் போயிடுச்சு. விழுப்புரத்துல பேனாவைக் கையில எடுத்தா, சரி போடப் போறான்னு பார்த்தேன். பக்கத்துல இருக்கிற அந்தம்மாகிட்ட ஏதோ கேட்டா, திரும்பக் குனிஞ்சு படிக்க ஆரம்பிச்சுட்டா.

நான் சொல்றேன் சார், இவ கையெழுத்துப் போடலைன்னா நான் அந்தப் பட்டறையை மூடிட்டு வேற வேலையைப் பார்த்துக்க வேண்டியதுதான். ஜெயசீலன் தெரு முழுக்க ஸ்வீட் குடுப்பான். எனக்கும் ஒரு பெட்டி அனுப்புவான். அந்த மூஞ்சியை நான் எப்படிப் பார்க்கிறது? ஒரு பொண்டாட்டி புருஷனுக்காக ஒரு பொய்யில கையெழுத்துப் போட மாட்டாளா? அப்படி என்ன...

ஒரு நிமிஷம் சார். எந்திரிச்சுட்டா. இங்கதான் வர்றா.

"வா இந்திராணி. போட்டுட்டியா? குடு, குடு. இங்க உக்காரு, சார் ஒண்ணும் நினைக்க மாட்டாரு. என்ன, உக்கார மாட்டியா? சரி, ஃபைலைக் குடு."

...

போயிட்டா.

நீங்களும் கேட்டீங்கள்ல சார்? மெதுவாத்தான் பேசுனா, வண்டிச் சத்தத்துல கேட்டுச்சோ இல்லையோ. "முதல் தாள்ல இருக்கிறது பூரா நெசம். நாலு தடவை படிச்சுட்டேன், ஒரு வரி பொய் இல்ல. அதனால போட்டுட்டேன்"னா. இந்தா இருக்கு பாருங்க. இந்திராணி நல்லுச்சாமி. எவ்வளவு பெருசா போட்டிருக்கா. பக்கத்து சீட்டு அம்மாவைச் சாட்சிக் கையெழுத்து வேற போட வெச்சிருக்கா.

ரெண்டாவது தாள் காலியா இருக்கு. மறந்துட்டான்னு நினைச்சுத்தான் நான் "இதுல மறந்துட்டியே"ன்னேன். "மறக்கலை"ன்னா. "இதுல என் முழு மனசோட உங்களுக்குக் குடுத்துட்டேன்னு இருக்கு. நான் எப்பங்க குடுத்தேன்?"னு கேட்டா.

சண்டைக்குக் கேட்டிருந்தா நானும் சண்டை போட்டிருப்பேன் சார். அவ சண்டைக்குக் கேக்கல. நெசமாவே தெரியாம, நான் சொன்னா தெரிஞ்சுக்கலாம்னு கேக்குற மாதிரி நின்னுக்கிட்டு இருந்தா. நான் குனிஞ்சு தாளைப் புரட்டுனேன். அவ தன் சீட்டுக்குப் போயிட்டா.

இதுல தேதி போடணும். பாருங்க, "இந்தத் தேதியில்"னு எழுதி இடம் விட்டிருக்காங்க. எந்தத் தேதியைப் போடுறது? அவ செருப்பில்லாம பட்டறைக்கு ஓடி வந்த அன்னைக்கா? அன்னைக்கு அவ சொல்லத்தான் வந்தா, குடுக்க வரல. நான் உடனே டிரம்முக்கு அளவெடுக்க ஆரம்பிச்சுட்டேன். பேரு வெச்ச அன்னைக்கும் நான் அவளைக் கேக்கல. ஃபாரம் எழுதுன அன்னைக்கும் கேக்கல. இன்னைக்குக் காலையிலகூடப் படிக்க வேண்டாம்னுதானே சொன்னேன். எனக்கு வெக்கமா இருக்கு சார், உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன.

செங்கல்பட்டு வருதா? அப்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. எந்திரிச்சுப் போய், எனக்குக் குடுக்கிறியான்னு அவகிட்டக் கேக்கணும். நாலு வரிசைதான். ஆனா கேட்டா, மாட்டேன்னு சொல்லிருவாளோன்னு பயமா இருக்கு சார்.